ஹோல்ட்டில் நிற்காத பஸ்

மூக்குக்கு மேலே கோபம் என்பார்களே, இந்திரகுமாருக்கு அது மூக்கைத் தாண்டி நெற்றி வரைக்கும் இருந்தது. கஹவத்தைக்குப் பக்கத்தில் அவன் பால் வெட்டுகிற ரப்பர் தோட்டத்தில் அவனிடம் ஏச்சு வாங்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று கங்காணியின் நாய். மற்றது அவனுடைய மகன் அஜந்தன். நாயை எதற்காக விட்டுவைத்தான் என்று யாருக்கும் தெரியாது. மகனை ஏசினால் அவனுக்கு விளங்கவா போகிறது, அதனால்தான் விட்டுவைத்திருக்கிறான் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது சுத்தப் பொய். அஜந்தனுக்கு நன்றாக விளங்கும். ஒரே ஒரு தடவை ஏசிப் பார்த்ததில் பையன் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். அன்றோடு இந்திரகுமார் அந்தப் பழக்கத்தை விட்டான்.

அஜந்தனுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக்கில் சொன்னார்கள். லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய் கோகிலா உச்சிவெயிலில் ஆற்றைத் தாண்டினாள் என்பது வரைக்கும் வந்துவிட்டது. சோறு, தண்ணி, அக்கா, இவ்வளவுதான் பையனுடைய தமிழ். மிச்சமெல்லாம் சிங்களம், அதிலும் பஸ் கண்டக்டர்களின் சிங்களம். லயத்துக்குக் கீழேதான் மெயின் ரோடு. எம்பிலிபிட்டிய பஸ்ஸும் இரத்தினபுரி பஸ்ஸும் விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டு போகும். அந்தக் கத்தலை ஏற்ற இறக்கம் மாறாமல் அஜந்தன் வாசலில் நின்று சொல்லுவான். "பன்சல லங்க பஹின்ன" என்பான். பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்கு, பக்கத்தில் இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்று அர்த்தம். புதிதாகக் கேட்கிறவர்கள் எங்கேயடா கண்டக்டர் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ட்ரிப் கூட்டிப்போனபோது அஜந்தனை விட்டுவிட்டுப் போனார்கள். அவனுடைய அக்கா நிரோஷா போனாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அஜந்தன் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றவில்லை. சாயங்காலம் வரைக்கும் சப்பாத்தோடு வாசலில் நின்றான். தூங்கும்போதும் கழற்ற விடவில்லை. அந்தச் சப்பாத்துதான் இந்திரகுமாரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. ஒன்றும் விளங்காத பிள்ளை என்று எல்லாரும் சொல்கிற பிள்ளைக்கு, தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது மட்டும் எப்படி விளங்கியது என்று கோகிலாவிடம் கேட்டான்.

ஆகவே இந்த வருஷம், கொழும்புப் பக்கம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் காலிமுகத்திடலுக்கும் ட்ரிப் என்று அறிவித்த மறுநாளே, பால் கறை படிந்த சட்டையோடு அதிபர் இராசநாயகத்தின் அறையில் போய் நின்றான். அதிபர் வவுனியாப் பக்கத்து மனிதர். சண்டை என்றால் ஆகாது. இந்திரகுமார் போட்ட சத்தத்தில் ஐந்தாம் வகுப்பில் பாடமே நின்றுவிட்டது. என் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள் என்பதுதான் அவன் கேட்டதன் சாரம். மற்றதை எழுத்தில் போட முடியாது.

அவனுக்கு ஒத்தாசையாக நின்றது விமலாதேவி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்து, கஹவத்தை டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். அஜந்தனின் வகுப்பாசிரியை. பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்தால் இவரும் அடியில் குனிந்து படிப்பிப்பார். அதைப் பார்த்து மற்ற டீச்சர்மார் சிரிப்பதையும் சட்டை செய்யமாட்டார். அவர்தான் அதிபரிடம், தகப்பனும் கூட வரட்டும், பொறுப்பை நான் எடுக்கிறேன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினார். பிறகு வாசல் வரைக்கும் வந்து இந்திரகுமாரிடம், பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயணத்துக்குப் பழக்கிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார்.

இந்திரகுமார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ரப்பர் வெட்டுகிறவனுக்கு விடியற்காலையில் வேலை தொடங்கினால், பாலை நிறுத்துக் கொடுத்ததும் மத்தியானத்தோடு ஆள் ஓய்வு. மற்றவர்கள் அந்த நேரத்தில் படுப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள், சிலர் வேறு இடத்துக்கும் போவார்கள். இவன் குளித்துவிட்டு, பள்ளிவிட்டு வருகிற மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். முதலில் ஒரு ஹோல்ட், அதாவது ஒரு பஸ் நிறுத்தம், தூரம் போய் இறங்கி நடந்து வந்தார்கள். பிறகு கஹவத்தை டவுன் வரைக்கும். பிறகு பெல்மதுளை. கடைசியில் இரத்தினபுரி வரைக்கும் போய், ஸ்டாண்டில் ஆளுக்கொரு பனிஸ் சாப்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார்கள்.

ஆரம்பத்தில் பையன் காதைப் பொத்தினான், ஒரு தடவை வாந்தி எடுத்தான். பிறகு என்ன நடந்தது என்றால், அவனுக்குப் பஸ் பிடித்துப் போனது. சாதாரணமாக அல்ல, பைத்தியமாகப் பிடித்துப் போனது. எப்போதும் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட். பஸ் ஒவ்வொரு ஹோல்ட்டை நெருங்கும்போதும் கண்டக்டருக்கு முன்னால் இவன் அதன் பெயரைக் கத்துவான். பஸ் நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். "ஹரி, யங்" என்பான், சரி போவோம் என்று. பஸ் போகும். தான் சொல்லித்தான் இந்தப் பெரிய சாமான் நிற்கிறது, தான் சொல்லித்தான் போகிறது என்று நினைத்தானோ என்னவோ, அவன் முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு. அந்த ரூட்டுக் கண்டக்டர்கள் எல்லாரும் அவனைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு அவனைச் சொல்ல விட்டார்கள். தமிழனாவது சிங்களவனாவது, பஸ்ஸே அவனைப் பார்த்துச் சிரித்தது. நல்ல சிரிப்பு. இந்திரகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

விமலாதேவி டீச்சருக்கு இருந்த பயமெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். ட்ரிப் பஸ் என்றால் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள், பின்சீட்டில் மேளம் அடிப்பார்கள், சத்தம் காதைக் கிழிக்கும். அதனால் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்தார். மேளத்தைக் கடைசி சீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பெரிய வகுப்புப் பையன்களிடம் சத்தியம் வாங்கினார். இந்திரகுமாரும் அந்த ஒன்றுக்குத்தான் பயந்தான். வேறு எதற்கும் பயப்பட அவனுக்குத் தெரியவில்லை. வாடகைக்குப் பிடிக்கிற ஹயர் பஸ்ஸில் அவன் வாழ்க்கையில் போனதே இல்லை. அவனுடைய கல்யாணத்துக்குத் தோட்டத்து லொறியில் போனார்கள். திருவிழாவுக்கு டிராக்டர். மற்றபடி பஸ் என்றால் அவனுக்கு ரூட்டில் ஓடுகிற லைன் பஸ்தான்.

ட்ரிப் அன்று விடியும் முன்பே பஸ் பள்ளிக்கூடத்துக்குக் கீழே வந்து நின்றது. பூசாரி தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்தார். டிரைவர் றிஸாத் பெல்மதுளை ஆள். எல்லாம் முடியும் வரைக்கும் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டு, எலுமிச்சங்காயைச் சரியாக நசுக்கிக்கொண்டு பஸ்ஸை எடுத்தார். அஜந்தன் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில், நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோகிலா வேலைக்குப் போகிற உடையில் ரோட்டோரம் நின்று பார்த்தாள். அவள் சிரித்ததை இந்திரகுமார் கண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பாட்டுப் போட்டார்கள். மேளம் அடித்தார்கள். அஜந்தன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிச் சிரித்தான். பின்னால் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்து, அஜந்தன் ஆடுறான்டா என்று கத்தினார்கள். விமலாதேவி டீச்சர் எதிர் சீட்டிலிருந்து இந்திரகுமாரைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையசைத்தார். இந்திரகுமார் திரும்பி முழு பஸ்ஸையும் ஒரு தடவை பார்த்தான். நிரோஷா நடுவில் தோழிகளோடு இருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் அவனுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

பஸ் மெயின் ரோட்டில் ஏறியது.

"பன்சல லங்க பஹின்ன" என்றான் அஜந்தன். பஸ்ஸில் சிரித்தார்கள். பன்சலை ஹோல்ட் வந்தது, போனது. பஸ் நிற்கவில்லை. அஜந்தன் திரும்பிப் பின்கண்ணாடிப் பக்கம் பார்த்தான். ஏதோ தவறு நடந்துவிட்டது, டிரைவர் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பான். அடுத்த ஹோல்ட்டின் பெயரை முன்னையை விடச் சத்தமாகச் சொன்னான். அதுவும் போனது. மூன்றாவதில் எழுந்து நின்று கத்தினான். நான்காவதில் தன் கையைத் தானே கடித்தான்.

சத்தம்தான் காரணம் என்று டீச்சர் பாட்டை நிறுத்தச் சொன்னார். மேளமும் நின்றது. பையன் நிற்கவில்லை. ஒவ்வொரு ஹோல்ட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்காமல் போகப் போக, அவன் ஜன்னல் கம்பியில் தலையை மோதினான், பிறகு தகப்பனின் பிடியை உதறிக்கொண்டு கதவுப் பக்கம் பாய்ந்தான். இந்திரகுமார் அவனை இழுத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, தகப்பனுடைய மூக்கில் முட்டி இரத்தம் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பயந்து அழத் தொடங்கினார்கள். நிரோஷா தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெல்மதுளைச் சந்தியில் நெரிசலில் பஸ் நின்றது. அங்கே நின்றது ஒரு ஹோல்ட்டுக்குப் பக்கத்தில். அந்த நொடியே அஜந்தன் அடங்கினான். மூச்சிரைக்க, கன்னமெல்லாம் கண்ணீரோடு, "பெல்மதுல்ல பஹின்ன" என்று மெதுவாகச் சொன்னான். இறங்குகிறவர்களுக்காகக் காத்திருந்தான். "ஹரி, யங்" என்றான்.

இந்திரகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் என்றால் நிற்கும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஒவ்வொரு நாளும் மத்தியானத் தூக்கத்தை விட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதுதான் பஸ், இப்படித்தான் இருக்கும், பயப்படாதே என்று பழக்கியது யார்? பிள்ளை தப்பு ஒன்றும் செய்யவில்லை. தகப்பன் சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். இது வேறு பஸ் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியவனுக்கே அது தெரியவில்லை. இந்திரகுமாருக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு றிஸாத்திடம் குனிந்து சொன்னான். "அண்ணே, ஹோல்ட்ல ஒரு செக்கன் நிப்பாட்டிட்டு எடுங்கண்ணே. அவன் அதத்தாங்க கேக்குறான். வேற ஒன்னுமில்ல."

றிஸாத் நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் அடுத்த ஹோல்ட்டில் ஓரம் கட்டிக் கதவைத் திறந்தார். அஜந்தன் பெயரைச் சொன்னான், காத்திருந்தான், "ஹரி, யங்" என்றான். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். பஸ்ஸே கைதட்டியது. அதிபர்கூடச் சிரித்துவிட்டார். அடுத்த ஹோல்ட்டிலும் அப்படியே. விமலாதேவி டீச்சரின் கண் கலங்கியிருந்தது. மீண்டும் பாட்டுப் போட்டார்கள். இவ்வளவுதானா, இவ்வளவு சின்ன விஷயமா என்று இந்திரகுமாருக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் ஹோல்ட்டில் ஒரு பஸ் நின்று கதவைத் திறந்தால் ஆட்கள் சும்மா நிற்பார்களா? அதற்கடுத்த ஹோல்ட்டில் பலாக்காயோடு ஒரு பெரியவர் ஏறியேவிட்டார். இது ட்ரிப் பஸ் என்று சொல்லி இறக்குவதற்குள் அவர் சீட்டே பிடித்துவிட்டார். அடுத்ததில் இரண்டு பெண்கள், ஒரு பொலிஸ்காரர். அவர்களை இறக்க, அவர்கள் ஏச, பிள்ளைகள் சிரிக்க, நேரம் போனது. அதற்குள் பின்னால் ஒரு இரத்தினபுரி லைன் பஸ் விடாமல் ஹோன் அடிக்கத் தொடங்கியது. ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு வந்து இவர்களுக்குக் குறுக்கே நின்றது.

கண்டக்டர் இறங்கி வந்தான். இந்திரகுமாருக்குத் தெரியாத புதுப் பையன். ஹயர் பேர்மிட் எடுத்துக்கொண்டு ஹோல்ட் ஹோல்ட்டாக நின்று எங்கள் ஆட்களை ஏற்றுகிறாயா என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு றிஸாத்தின் ஜன்னலைத் தட்டினான். றிஸாத் விளக்கினார். அவன் கேட்கிற நிலையில் இல்லை. ஏற்கெனவே ஒரு பொலிஸ்காரர் உன் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கண்ணால் கண்டேன் என்றான். நம்பரைப் போனில் படம் பிடித்தான். இன்னும் ஒரே ஒரு ஹோல்ட்டில் நின்று பார், இரத்தினபுரியில் உன் பேர்மிட்டைப் பிடுங்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்திரகுமாருக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் பையனைப் பிடித்திருக்கிற கையை எடுக்க முடியவில்லை. அவன் வாழ்க்கையில் கோபத்தை விழுங்கியது அன்றைக்குத்தான்.

"நான் நிப்பாட்டுவேன் தம்பி" என்றார் றிஸாத், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "ஆனா பேர்மிட் போனா எங்கட ஊட்டுல அடுப்பு எரியாது."

பஸ் கிளம்பியது. அடுத்த ஹோல்ட் வந்தது, போனது. அஜந்தன் மறுபடி தொடங்கினான். இந்த முறை அவனை அடக்க இந்திரகுமாரோடு பெரிய வகுப்புப் பையன் ஒருவனும் சேர வேண்டியிருந்தது. விமலாதேவி டீச்சர் தரையில் முட்டி போட்டு அவன் கையைத் தடவித் தடவிச் சொல்லிப் பார்த்தார். அவருடைய தமிழும் அவனுக்கு எட்டவில்லை, அழுகையும் எட்டவில்லை. கடைசியில் நம்பிக்கையோடு நிமிர்ந்து, இரத்தினபுரி தாண்டினால் பிள்ளைக்கு ஹோல்ட் தெரியாதுதானே, அங்காலே அவன் போனதில்லையே, அதுவரைக்கும் எப்படியாவது சமாளிப்போமா என்று கேட்டார்.

ஆமாம் என்று இந்திரகுமார் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற எந்த இடத்தைக் கண்டாலும் அது ஹோல்ட் என்று அவன் மகனுக்குத் தெரியும். கொழும்பு வரைக்கும் ரோடு முழுக்க அப்படித்தான் ஆட்கள் நிற்பார்கள். அதைச் சொன்னான். டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிபர் பின்னால் பிள்ளைகளைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் இந்திரகுமாருக்குச் சுகமாக இருந்திருக்கும், அவரோடு ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம். சொன்னது விமலாதேவி டீச்சர். "அஜந்தன்ட அப்பா, பிள்ளையை வதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். "என்னாலயே பாக்கேலாமக் கிடக்கு. இண்டைக்குக் காணும், இறங்கிக் கூட்டிக்கொண்டு போங்கோ. கோவிக்காதேங்கோ."

இரத்தினபுரிக்கு முந்திய ஒரு ஹோல்ட்டில், லைன் பஸ் ஏதும் பின்னால் இல்லை என்று பார்த்துவிட்டு, றிஸாத் கடைசித் தடவையாக ஓரம் கட்டினார். இந்திரகுமார் மகனையும் சாப்பாட்டுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். நிரோஷா நடு சீட்டிலிருந்து எழுந்து வந்து, நானும் இறங்க வேண்டுமா என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இறங்கு என்று சொன்னால் இறங்குவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். வேண்டாம், நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவன் பார்த்துவிட்டான். அந்த முகத்தில் பாரம் இறங்கிய ஒரு நிம்மதி. கதவு சாத்தியதும் உள்ளே மேளம் தொடங்கியது. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக அவள் கைதட்டுவது தெரிந்தது. காலையிலிருந்து அவள் கைதட்டியது அப்போதுதான் என்று இந்திரகுமாருக்கு விளங்கியது.

எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். எம்பிலிபிட்டிய பஸ் வந்தது. டிரைவருக்குப் பின்னால் சீட் காலியாக இருந்தது. பஸ் ஹோல்ட் ஹோல்ட்டாக நின்றது. அஜந்தன் ஒவ்வொன்றையும் கத்தினான். தெரிந்த கண்டக்டர்தான், இன்றைக்கு என்ன வெள்ளைச் சட்டை, எங்கே பயணம் என்று கேட்டான். கொழும்புக்கு என்று சொல்லாமல் இந்திரகுமார் டிக்கெட் காசை நீட்டினான். பையனின் நெற்றி வீங்கியிருந்தது, கையில் பல் தடம் இருந்தது, ஆனால் முகத்தில் அதே பொறுப்பு, அதே சந்தோஷம். அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. தகப்பன்தான் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதான். யாராவது கேட்டால் ஏசுவதற்குக்கூட அவனிடம் வார்த்தை இருக்கவில்லை.

கோகிலா வேலை விட்டு வந்தபோது அப்பனும் மகனும் வீட்டில் இருந்தார்கள். அவள் பையனின் நெற்றியைப் பார்த்தாள், புருஷனின் சட்டையைப் பார்த்தாள். பிரிக்காத பார்சலைப் பிரித்துத் தட்டில் போட்டு இரண்டு பேருக்கும் வைத்தாள். நிரோஷா வந்ததும் கடலைப் பற்றியும் யானையைப் பற்றியும் குசினிக்குள் அம்மாவிடம் குசுகுசுத்தாள். தகப்பன் வருகிற சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள் ஒரு பிள்ளை தன் சந்தோஷத்தை ஒளித்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு அதுவும் ஒரு வலி.

அடுத்த கிழமை, பால் நிறுக்கிற இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கீழ் டிவிசனிலிருந்து விஜயகலா என்கிற பெண் அவனைத் தேடி வந்தாள். ரப்பர் வெட்டுகிறவள்தான், முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. கூட ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலி வாளி ஒன்றின் பிடியை ஆட்டிவிட்டு, அது கிறீச்சிடுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பார்வையிலேயே இந்திரகுமாருக்கு விளங்கிவிட்டது.

ட்ரிப் அன்று காலையில் அவள் ரோட்டோரம் நின்றிருக்கிறாள். பஸ் போனதையும், முன் சீட்டில் அஜந்தன் சிரித்துக்கொண்டு தலையாட்டியதையும் கண்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் கண்டது. பிறகு நடந்தது கீழ் டிவிசனுக்கு எட்டவில்லை.

"அதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே ஒரு இடத்துல இல்லண்ணே" என்றாள். "இவள எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பல. யாரு சேத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன். உங்க மகன பஸ்ஸுல எல்லாரோடயும் கூட்டிட்டுப் போறாங்கன்னா, இவளயும் தை மாசம் கொண்டாந்து சேக்கலாமில்லண்ணே? நீங்க சொன்னீங்கன்னா சேத்துருவேன்."

சொல்ல எவ்வளவோ இருந்தது. விமலாதேவி டீச்சர் மேசைக்கு அடியில் குனிந்து படிப்பிக்கிறவர் என்று சொல்லியிருக்கலாம். ட்ரிப்புக்கு முன்பு ஒரே ஒரு தடவை நிற்காத பஸ்ஸில் வைத்துக் காட்டியிருந்தால் போதும், அது யாருக்கும் தோன்றவில்லை, உன் பிள்ளைக்கு அந்தத் தவறு நடக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் அறிந்த ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் அவன்தான். அவன் வாயையும் திறந்தான். திறந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் கைதட்டிக்கொண்டிருந்த நிரோஷாவின் முகம் வந்து நின்றது. தரையில் உட்கார்ந்த டீச்சரின் முகம் வந்து நின்றது. இன்னொரு பிள்ளை, இன்னொரு தாய், இன்னொரு பஸ், இன்னொரு தடவை அதைப் பார்க்க அவனால் ஆகாது. சண்டை போட்டே வளர்ந்தவனுக்கு, யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் போனதுதான் தாங்கவில்லை. அதிபரும் கெட்டவர் இல்லை, றிஸாத்தும் கெட்டவர் இல்லை, டீச்சர் தெய்வம் மாதிரி. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் பிள்ளைக்கு அந்தப் பஸ்ஸில் இடம் இருக்கவில்லை.

"வேணாம் தங்கச்சி" என்றான். "புள்ளைய வீட்டுலயே வச்சிக்க."

"அவன் சிரிச்சிக்கிட்டுத்தானே போனான்?"

"போனான்" என்றான் இந்திரகுமார்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை. நெடுநாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்ட மாதிரித் தலையசைத்தாள். பிறகு வாளியின் பிடியிலிருந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்தெடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை, கொண்டு போயி சேக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேன்" என்றாள். "நல்லா இருப்பீங்க அண்ணே."

தாயும் மகளும் ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போனார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் ரொம்ப நேரம் போய்க்கொண்டிருந்தார்கள். இந்திரகுமார் கூப்பிடவில்லை.